பலூனில் எவ்வளவு மின்னூட்டம்? வீட்டிலேயே அளக்கலாம்

இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்போம். அதை வைத்து எதையாவது அளந்திருக்கிறோமா? இரண்டு பலூனும் நூலும் போதும்.

படி 1: பலூன்களை ஒரே அளவுக்கு, சுமார் 20 செ.மீ. அகலம் வரும்படி ஊதி, நூலில் கட்டி ஒரே கொக்கியில் தொங்கவிடுங்கள். கொக்கியிலிருந்து பலூனின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கட்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

படி 2: இரண்டையும் உலர்ந்த தலைமுடியில் சுற்றிலும் நன்றாகத் தேயுங்கள். எண்ணெய் வைத்த தலை உதவாது! முடியிலிருந்து எலக்ட்ரான்கள் பலூனுக்கு வந்துவிடும். இரண்டுமே ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் பெறுவதால் கையை விட்டதும் விலகி நிற்கும். புழுக்கமான நாளில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும், அதனால் உடனே அளக்க வேண்டும்.

படி 3: மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம் வேண்டும். ஸ்கேலோடு கிட்டே போனால் பலூன் கையை நோக்கி நகர்ந்து காரியத்தைக் கெடுத்துவிடும். எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுங்கள். தூரம் பலூனின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு என்றால் 30 செ.மீ.

படி 4: இப்போது விசை. ஒவ்வொரு பலூனும் கொக்கிக்கு நேர் கீழான கோட்டிலிருந்து 15 செ.மீ. விலகியிருக்கிறது. 1 மீட்டர் நூலுக்கு 0.15 மீட்டர், அதாவது எடையில் 0.15 பங்கு விசை பக்கவாட்டில் தள்ளுகிறது. ஊதாத 10 பலூன்களைச் சமையலறைத் தராசில் நிறுத்து ஒன்றின் நிறையைக் கண்டுபிடியுங்கள். 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் எடை 0.02 நியூட்டன், விசை 0.003 நியூட்டன்.

படி 5: கூலூம் 1785-இல் சொன்னது இதுதான்:

விசை = 9×10⁹ × மின்னூட்டம்₁ × மின்னூட்டம்₂ ÷ தூரம்²

இரண்டு மின்னூட்டமும் சமம் என்று கொண்டால்,

மின்னூட்டம்² = 0.003 × 0.3² ÷ (9×10⁹) = 3×10⁻¹⁴

வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.7×10⁻⁷ கூலூம் (மின்னூட்டத்தின் அலகுக்கும் அவர் பெயர்தான்). தூரத்தை மீட்டருக்கு மாற்ற மறந்து 30 என்றே போட்டால் விடை 100 மடங்கு எகிறிவிடும். பலரும் வழுக்கி விழும் இடம் இது.

ஒரு எலக்ட்ரானுக்கு 1.6×10⁻¹⁹ கூலூம். வகுத்துப் பாருங்கள்: தலைமுடியிலிருந்து வந்தவை சுமார் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள்! மின்னூட்டம் முழுதும் மையத்தில் குவிந்திருப்பதாகக் கொண்டதால் இது தோராயம்தான்.

அப்புறம், ஒரு பலூனை மட்டும் ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்து மறுபடி தொங்கவிடுங்கள். அதில் மின்னூட்டம் போய்விட்டது, விதிப்படி விசை பூஜ்யம்தானே? ஆனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். துடைத்த பலூனின் மூலக்கூறுகளுக்குள் நேர் மின்னூட்டம் மற்ற பலூனின் பக்கமாகவும், எதிர் மின்னூட்டம் அப்பாலும் துளி நகர்கிறது. கிட்டே இருப்பதன் இழுப்பு ஜெயிக்கிறது.