மர வேலியா, இரும்பு வேலியா? முதலில் காலடியைப் பாருங்கள்

தரைவீடு வாங்கியவர்களோ பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களோ, சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "மாமா, வேலிக்கு மரம் போடலாமா, இரும்பு போடலாமா?" செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்தவன் நான். துருவைச் சுரண்டுவதும் பூச்சின் கனத்தை அளப்பதுமாகவே என் வேலைக்காலம் போனது. அதனால்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "மழை விட்ட பிறகு உங்கள் வேலி அடியில் எவ்வளவு நேரம் ஈரம் நிற்கிறது?"

சிங்கப்பூரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும். இந்த ஊரில் மரமும் இரும்பும் முதலில் கெடுவது ஒரே இடத்தில்தான்: வேலிக்கால் மண்ணைத் தொடும் அந்த நாலு விரல் உயரத்தில். அதற்கு மேலே காற்றும் வெயிலும் காயவைத்துவிடும். மண்ணுக்குள் ஆழத்தில் காற்று குறைவு. தரைமட்டத்தில் ஈரமும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும், துருவுக்கும் இரண்டும் வேண்டும்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் அடைமழை விட்ட பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் போங்கள். இன்னும் ஈரமாக இருக்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். பழைய மரக்கால் இருந்தால், மண்ணும் மரமும் சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே உறுதியாக நிற்கும் கட்டை அங்கே பொதபொதவென்று முனையை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரும்புக்கால் என்றால் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினாலே செதில் செதிலாக உதிரும். சுவரோரம் பென்சில் தடிமனில் மண்குழாய் ஏறியிருந்தால் அது கரையான் பாதை. அதை அவசரப்பட்டுத் துடைத்துவிடாதீர்கள். கலைத்தால் கரையான் வேறு பக்கம் போய்விடும். பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை அப்படியே பார்க்கவிடுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மரக்காலை மண்ணில் நடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரைவீட்டுச் சுற்றுச்சுவருக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பொதுவான உயர வரம்பு 1.8 மீட்டர். சாலையைப் பார்த்த பக்கத்துக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. பழையதை இடிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட் உள்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் ஓடட்டும். அண்டை வீட்டுக்குப் பொதுவான வேலி என்றால் அவர்களிடம் பேசி, பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உலோகம். கான்ட்ராக்டர் "இரும்பு" என்று சொல்வது எல்லாம் இரும்பு அல்ல. சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் சாதாரண எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியம், இல்லையென்றால் எவர்சில்வர்.

சாதாரண எஃகைக் குறைசொல்ல மாட்டேன். உறுதிக்கும் விலைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதன் ஆயுள் முழுவதும் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சில் இருக்கிறது. துத்தநாகம் தான் முதலில் கரைந்து, அடியில் உள்ள எஃகைக் காக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறையில், 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக்கு ஐஎஸ்ஓ 1461 என்ற அனைத்துலகத் தரப்படி சராசரி 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பூச்சு இருக்கவேண்டும், 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை என்றால் 55 மைக்ரான். மின்முலாம் பூசியது பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், பூச்சோ அதில் சிறு பங்குதான். கான்ட்ராக்டரிடம் இதை அவசியம் கேளுங்கள்: "வேலித் துண்டைச் செய்து முடித்த பிறகு முக்கினீர்களா, இல்லை ஏற்கெனவே முக்கியெடுத்த குழாயை வாங்கி வெட்டி வெல்டிங் வைத்தீர்களா?" இரண்டாவது என்றால் ஒவ்வொரு வெல்டிங் இடத்திலும் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். துரு தொடங்கும் இடமும் அதுதான். அங்கெல்லாம் நன்றாகத் தேய்த்துவிட்டு, துத்தநாகம் நிறைந்த பிரைமர் அடிக்கவேண்டும். சாதாரண வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்து மூடினால் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், துருவுக்குத் தெரியாமல் போகாது.

அலுமினியம் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டதும் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும். எடை எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆட்டோகேட் மோட்டாருக்கும் கீலுக்கும் அது பெரிய நிம்மதி. கார் பின்னால் வந்து லேசாக இடித்தால் நெளிந்துவிடும், அது ஒன்றுதான் குறை. வீட்டில் பராமரிப்புக்கு ஆளில்லை, பெற்றோர் வயதானவர்கள் என்றால் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்த அலுமினியத்தைத் தயங்காமல் போடுங்கள்.

சிக்லாப், ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் மாதிரி கடலோரப் பகுதி என்றால் எவர்சில்வரில் 304 ரகம் போதாது. தேநீர் சிந்தினது போலப் பழுப்புக்கறை விழும். 316 கேளுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரசீதில் எழுதித்தரச் சொல்லவேண்டும். 316 போட்டாலும் அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மரத்தின் மேல் ஆசைப்படுபவர்களை நான் தடுப்பதில்லை. நல்ல மரத்தில் கை வைத்தால் வரும் குளுமை உலோகத்தில் வராது. ஆனால் எந்த மரம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் வட்டாரத்தில் வெளிவேலைக்குப் பேர்போனது மலேசியாவின் செங்கால் மரம். கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை. கரையானுக்கும் பூஞ்சைக்கும் இயல்பாகவே தாக்குப்பிடிக்கும். பாலாவ் அடுத்தது. லேசான மெரந்தி வீட்டுக்குள் நல்ல மரம்தான், மழையில் நிற்க அதனால் ஆகாது. செங்கால் பலகையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் பயப்படவேண்டாம். மரம் பச்சையாக இருந்தபோது வண்டு போட்டவை அவை, காய்ந்த பிறகு பெருகாது. வெட்டுமுனையில் நீளமாக வெடித்திருக்கும் பலகையைத்தான் ஒதுக்கவேண்டும்.

எண்ணெய் பூசாமல் விட்டால் செங்கால் சாம்பல் நிறமாக மாறும். அதனால் வலு குறைவதில்லை. தேன்நிறம் வேண்டுமென்றால் தவறாமல் எண்ணெய் பூசவேண்டும், தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். வெட்டிய முனைகளுக்கு இரண்டு கை அதிகமாகப் பூசுங்கள், தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனைதான். ஆணி வேண்டாம். முன்துளை போட்டு எவர்சில்வர் திருகாணி போடுங்கள். சாதாரண இரும்பு ஆணி மரத்தின் சாயத்தோடு சேர்ந்து கருப்புக்கறையாக வழியும்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதுதான்: கால்கள் உலோகம், நடுவில் குறுக்குப் பலகைகள் செங்கால். பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 5 சென்டிமீட்டராவது மேலே நிற்கட்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே காற்றுப்போக இடைவெளி விடுங்கள். மரம் மண்ணைத் தொடாது, ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அலுமினியக் காலில் எவர்சில்வர் திருகாணி போடும்போது, கடலோர வீடாக இருந்தால், நடுவில் நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். சாலைப்பக்கம் முழுக்க உலோகம், கார் நிற்கும் இடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே மட்டும் மரம் என்று பிரித்துக்கொண்டாலும் நன்றாக இருக்கும்.

கால் நடும் விதம் எல்லாவற்றையும்விட முக்கியம். கான்கிரீட்டின் மேல்பரப்பு காலைச் சுற்றிக் குழியாக இருக்கக்கூடாது; வெளிப்புறம் சரிந்து தண்ணீரை ஓடவிடவேண்டும். குழாய்க்காலின் தலையில் மூடி கட்டாயம். திறந்து கிடந்தால் மழைநீர் உள்ளே தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிட அதற்குமேல் வசதியான இடம் வேண்டாம். டெங்கி ஒருபக்கம், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் இன்னொரு பக்கம். படுக்கைவாட்டில் வரும் குழாய்களில் அடிப்பக்கம் சிறு வடிதுளை இருக்கட்டும்.

விலைப்பட்டியலில் "மெட்டல் ஃபென்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உலோக ரகம், குழாயின் கனம், பூச்சு முறை, மரத்தின் பெயர், திருகாணி ரகம் எல்லாம் எழுத்தில் வரட்டும். வேலை முடிந்ததும் ரப்பர் குழாயைத் திறந்து வேலி மேல் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஒவ்வொரு கால் அடியிலும் குனிந்து பாருங்கள். எங்காவது தண்ணீர் நின்றால் அங்கே சரிவைத் திருத்தித் தந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.