தூசி ஊரில் லேப்டாப் ஸ்கிரீன் கார்டு: ஒட்டும் முறையும் உரிக்கும் முறையும்

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை ஒன்றில் என் தம்பி கணக்கு எழுதுகிறான். சாயங்காலம் ஆனால் அவன் லேப்டாப் மூடியில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு மாவு படிந்திருக்கும். தினமும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அழுத்தித் துடைப்பான். ஆறே மாதத்தில் ஸ்கிரீன் முழுக்க மெல்லிய கோடுகள். கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது கண்ணாடியையே கீறிவிடும். டச் வசதி இல்லாத லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஸ்கிரீனின் மேற்பரப்பு கண்ணாடியும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் படலம்தான். அதனால் நம் பக்கத்தில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கிரீன் கார்டு, அதாவது ஸ்கிரீன் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஷீட், அவசியம் என்றே சொல்வேன்.

வாங்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள். 14 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு மட்டும். 16:9 வகை 14 இன்ச் ஸ்கிரீன் சுமார் 31 செ.மீ. அகலம், 17.4 செ.மீ. உயரம் இருக்கும். 16:10 வகை என்றால் 30.2, 18.8. இரண்டையும் கடையில் '14 இன்ச்' என்றுதான் கொடுப்பார்கள். ஆகவே வெளிச்சம் வரும் பகுதியின் அகலத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். போனுக்கு ஒட்டுகிற மாதிரி தடித்த கண்ணாடி வேண்டாம். லேப்டாப்பை மூடினால் கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. அழுத்தம் விழுந்தால் உள்ளே இருக்கும் ஸ்கிரீன் உடையலாம். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போதும். ஜன்னல் எதிரே உட்காருபவர்களுக்கு பளபளக்காத மேட் ஷீட் நல்லது, போட்டோ வேலை செய்பவர்களுக்குத் தெளிவானது.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, உப்பு அதிகமான போர் தண்ணீரில் துடைத்தால் ஸ்கிரீனிலும் அதே மாதிரி புள்ளி புள்ளியாகக் காய்ந்து நிற்கும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி ஆசிட்டும் அதே கடையில் இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒட்டும் முறை

வீட்டுக்குள்ளேயே சின்ன அறையாகப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் சும்மா இருங்கள். பறக்கிற தூசி கீழே இறங்கட்டும். ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம்.

லேப்டாப்பை அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் தேய்க்கவே கூடாது, கீறல் விழுவது அங்கேதான். அப்புறம் மைக்ரோ ஃபைபர் துணியில் டிஸ்டில்டு வாட்டரை லேசாக நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்கிரீன் மேல் நேராகத் தெளித்தால் ஓரத்தில் இறங்கிவிடும்.

இப்போது ஷீட்டை உரிக்காமலேயே ஸ்கிரீன் மேல் வைத்து நாலு பக்கமும் சரிபாருங்கள். கேமராவை மறைக்கக் கூடாது. ஸ்கிரீனைச் சுற்றிச் சட்டம் மேடாக இருந்தால் ஷீட் ஒரு மி.மீ. உள்ளடங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். சரியாக உட்கார்ந்ததும் இடது ஓரத்தில் இரண்டு துண்டு செல்லோ டேப் ஒட்டுங்கள். இனி ஷீட்டைக் கதவு மாதிரி திறந்து மூடலாம், இடம் மாறாது.

கதவைத் திறந்து, பசைப் பக்கத்துத் தாளை இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் மட்டும் உரியுங்கள். அந்தப் பகுதியை ஸ்கிரீனில் படியவிட்டு, துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். கார்டால் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு கையால் தாளை இழுக்க இழுக்க, மறு கை கார்டோடு பின்னாலேயே வரட்டும். அழுத்த வேண்டாம், தள்ளினால் போதும். நடுவில் தூசி தெரிந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஷீட்டைப் பக்கத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் தூக்கி, வேறொரு டேப் துண்டால் அந்தத் துகளைத் தொட்டு எடுத்துவிட்டுப் படியவிடுங்கள். தூசி இல்லாத சிறு குமிழ்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே மறையும். தூசி உள்ள குமிழ் மறையாது.

உரிக்கும் முறை

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். முதலில் லேப்டாப்பில் அரை மணி நேரம் வேலை பாருங்கள். அந்தச் சூட்டில் பசை கொஞ்சம் இளகும். பிறகு அணைத்துவிட்டு, மூடியின் பின்புறத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மேல் மூலையில் டேப்பை ஒட்டி இழுத்தால் நுனி வந்துவிடும். பிளேடு, கத்தி எதுவும் கிட்டேயே வரக் கூடாது. நுனியை உங்களை நோக்கி இழுக்காமல், ஷீட்டின் மேலேயே மடித்து, ஸ்கிரீனோடு ஒட்டினாற்போல் இழுத்துக்கொண்டே போங்கள். எங்காவது பிடித்துக்கொண்டால் பக்கத்து மூலையிலிருந்து வாருங்கள்.

பசை மிச்சமிருந்தால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் துளி விட்டுத் துடைக்கலாம். உங்கள் லேப்டாப் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஸ்கிரீன் நன்றாகக் காய்ந்த பிறகு மூடியைச் சாத்துங்கள். அன்றே புது ஷீட் ஒட்டுவதாக இருந்தால், மறுபடியும் தரையைத் துடைப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.