ஐப்பசி மழைக்கு முன் ஒரு பனங்கிழங்குப் பாத்தி

புரட்டாசிக் கடைசியில் எங்கள் திசையன்விளைப் பக்கம் வீட்டு வேலைகள் வரிசை கட்டி நிற்கும். உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும், விறகை நனையாத இடத்தில் அடுக்க வேண்டும், ஆட்டுக் கொட்டகைத் தரையை மேடாக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு வாரம் பிந்தினாலும் சமாளித்துக்கொள்ளலாம். பிந்தவே கூடாத வேலை பனங்கொட்டை புதைப்பது. நெல்லைச் சீமைக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அந்த ஈரத்தில் முளைவிட்டால்தான் தைப் பொங்கலுக்குக் கிழங்கு கைக்கு வரும்.

முதல் வேலை, கொட்டை சேர்ப்பது. ஆடிக் காற்றில் விழத் தொடங்கும் பனம்பழம் புரட்டாசி வரை விழுந்துகொண்டிருக்கும். சொந்தமாகப் பனை இல்லாதவர்கள் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். சிலவற்றில் இரண்டோ ஒன்றோதான். நல்ல பழத்தைச் சுட்டுத் தின்னுங்கள், அந்த மணத்துக்கு ஈடு கிடையாது. மீதியை நிழலில் குவித்து வைத்தால் சதை அழுகிக் கொட்டை தனியே பிரியும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். இலேசாக இருப்பதையும் வண்டு துளைத்ததையும் கழித்துவிடுங்கள்.

அடுத்தது பாத்தி. கிழங்கின் நீளமும் பருமனும் இங்கேதான் முடிவாகின்றன, அதனால் அவசரப்படாதீர்கள். பனங்கொட்டையின் முளை மற்ற விதைகளைப் போல முதலில் மேலே வருவதில்லை. வேரைப் போல நேராகக் கீழே இறங்குகிறது. இறங்கிய அந்த முளைதான் மாவு கட்டிக் கிழங்காகிறது. மண் எவ்வளவு ஆழத்துக்குப் பொலபொலவென்று இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிழங்கு நீளும். இறுகிய மண்ணில் அது கோணிக் குட்டையாகிவிடும். எங்கள் தேரிச் செம்மணல் இதற்கென்றே அமைந்தது போன்றது. களிமண் நிலத்தில் இருப்பவர்கள் மணல் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள். எரு வேண்டாம், முளைக்குத் தேவையான உணவு கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

பாத்தியைத் தரைமட்டத்தில் போடாதீர்கள். தண்ணீர் ஊற்ற எளிது என்று நினைத்து, 2023-இல் நான் கிணற்றடிப் பள்ளத்தில் போட்டேன். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாத்தியில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. பொங்கலுக்குத் தோண்டினால் பாதிக்கு மேல் அழுகியிருந்தது. அந்த வருடம் மகளுக்குக் கடையில் வாங்கித்தான் அனுப்பினேன். அதிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மண்ணை ஏற்றித்தான் பாத்தி கட்டுகிறேன்.

மூன்றடி அகலம், ஆறடி நீளம் தொடக்கத்துக்குப் போதும். அடித்தரையை ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டு அதன்மேல் மண்ணைக் குவியுங்கள். மிதித்து இறுக்காதீர்கள். மண் சரியாமல் இருக்கச் சுற்றிலும் பனைமட்டைகளை நெருக்கமாக ஊன்றுங்கள். மழைத்தண்ணீர் ஓடிப்போக ஒரு பக்கம் வாய்க்கால் கீறிவிடுங்கள்.

இனிக் கொட்டைகளை அடுக்க வேண்டும். இடைவெளி தேவையில்லை. ஒன்றோடொன்று முட்டும்படி, கண் இருக்கும் முனை கீழே பார்க்க வையுங்கள். ஒன்றிரண்டு சாய்ந்துவிட்டாலும் கவலை வேண்டாம், முளை தானே வளைந்து கீழே போகும். இந்த அளவுப் பாத்தியில் ஏறக்குறைய நூற்றைம்பது கொட்டை பிடிக்கும். மேலே நான்கு விரல் உயரம் மண் தூவி, காய்ந்த ஓலையால் மூடுங்கள். கோழி கிளறாமலும் ஆடு மிதிக்காமலும் இருக்க, சுற்றி உடைமுள் போட்டுவிடுங்கள். மழை தொடங்கும்வரை மண் காயாதபடி தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு வானம் பார்த்துக்கொள்ளும்.

பத்துக் கொட்டையையாவது பாத்தியில் வைக்காமல் எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குளத்தங்கரையிலோ வேலியோரத்திலோ பத்தடிக்கு ஒன்றாக நேரடியாகப் புதையுங்கள். முளைத்த பனையைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. இருப்பதைக் காப்பதோடு புதிதாக வைக்கவும் வேண்டும். பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும் மரம் அது.

மார்கழிக் கடைசியில் பாத்தியின் மூலையில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு விறைப்பாக, கைப்பிடிக்குள் திரண்டு இருந்தால் எடுக்கலாம். மேலே ஓலை விரியும்வரை விட்டுவைத்தால் நார் ஏறிவிடும். மேலிருந்து பிடுங்கினால் கிழங்கு முறியும். ஒரு பக்கத்து மட்டைகளை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் மண்ணைச் சரித்தால் முழுதாக வரும். பாத்தியை உயர்த்திக் கட்டியதன் இன்னொரு பயன் இது. கிழங்கை நறுக்கியபின் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். இரண்டாக வெட்டினால் உள்ளே வெள்ளையாக, இலேசாக இனிக்கும் தவுண் இருக்கும். பிள்ளைகள் கிழங்கைவிட அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

தோலை உரித்து, வேரை நறுக்கி, மண் போகக் கழுவி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு நன்றாக வேகவையுங்கள். ஆறியதும் நாரை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுக்குருத்தை எடுத்துவிட்டுத் தின்னலாம். வேகவைக்கும் முன்பே பச்சைக் கிழங்கில் இருபத்தைந்தை எண்ணிக் கட்டி வைத்துவிடுவேன். மகளுக்கு அனுப்பும் பொங்கல்படியில் கரும்போடும் மஞ்சள்குலையோடும் அந்தக் கட்டும் பஸ் ஏறும்.