பழைய லீவர் ரைஃபிளில் குறி கோணலா? சுத்தியலை எடுக்கும் முன்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கடைக்குள் நுழைந்தால், லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் (விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டாவை ஏற்றுபவை) நிற்கும் வரிசையில் இரண்டு பெயர்கள்தான் அதிகம் கண்ணில் படும்: வின்செஸ்டர் 94, மார்லின் 336. முதலாவது ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1894-ல் வந்து, நியூ ஹேவன் ஆலையில் 2006 வரை உற்பத்தியில் இருந்தது. இரண்டாவது 1948-ல் வந்தது. இரண்டிலும் .30-30 தோட்டாதான் பிரபலம், இரண்டும் மான் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகள். பழைய 94 சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மேல்பக்கமாக எறியும். 1980களில் அதை மாற்றும் வரை டெலஸ்கோப்பை நேர் மேலே பொருத்த வசதியில்லை. அதனால் அந்தத் துப்பாக்கிக்கு இரும்புக் குறிகள்தான் கண்: குழலின் நுனியில் மணி வைத்த முன்குறி, குழலின் பின்பகுதியில் பிளவு வைத்த பின்குறி.

இப்படி ஒன்றை வாங்கி வந்தவர், முன்குறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் பதறிச் சுத்தியலை எடுக்கிறார். பெரும்பாலான சேதம் அங்கேதான் தொடங்குகிறது. என் கைக்கு வந்த 94-இலும் முன்குறியின் அடிப்பாகம் இடது பக்கம் நசுங்கியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் எஃகுப் பஞ்ச் (சுத்தியலால் தட்டும் கம்பி) வைத்து அடித்த அடையாளம் அது. குழலின் கருநீலப் பூச்சிலும் கீறல். எழுபது வருடம் கெடாமல் வந்த பொருள் ஐந்து நிமிட அவசரத்தில் கெட்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

எதையும் தொடும் முன், துப்பாக்கி காலியா என்று பாருங்கள். குழலுக்கு அடியில் தோட்டாக்களை வைக்கும் குழாய் மேகசினில் ஒரு தோட்டா உள்ளே தங்கிவிடுவது நடக்கக்கூடியது. லீவரைப் பலமுறை இயக்கி, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேகசினுக்குள் தோட்டாவைத் தள்ளும் துண்டு கடைசிவரை வந்திருக்கிறதா என்பதையும் உறுதி செய்த பிறகே மேசையில் வையுங்கள்.

கோணல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே வேலையைத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரிசீவரின், அதாவது குழல் திருகியிருக்கும் உடல்பெட்டியின், இரு பக்கங்களும் தட்டையானவை. துணி சுற்றிய வைஸில் (மேசைப் பிடிகருவி) துப்பாக்கியைப் பிடித்து, அந்தப் பக்கத்தில் ரசமட்டத்தைச் செங்குத்தாக ஒட்டிவைத்து நேராக்குங்கள். பிறகு பின்னால் நின்று இரண்டு குறிகளையும் பாருங்கள். முன்குறி மட்டும் சாய்ந்திருந்தால், அதன் தகடு வளைந்திருக்கும், அல்லது அது உட்காரும் அடித்தளம் கோணலாக இருக்கும். முன்குறியும் பின்குறியும் ஒரே அளவு ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், குறிகளில் குற்றமே இல்லை. குழல் ரிசீவருக்குள் கொஞ்சம் கூடவோ குறையவோ திருகப்பட்டிருக்கிறது. எட்டுப் பட்டைக் குழல் என்றால் பட்டையின் விளிம்பே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது வகையில் இரண்டும் நேராக நிற்கும், ஆனால் ஒன்று தான் உட்காரும் பள்ளத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்கும்.

இந்த மூன்றாவது வகை கோணலே இல்லாமல் இருக்கலாம். யாரோ ஒருவர் மைதானத்தில் சுட்டுப் பார்த்து, குண்டு நடுவில் விழும்படி அதைத் தள்ளி வைத்திருக்கலாம். பார்க்க அழகாக இல்லை என்று நடுவுக்குத் தட்டிவிட்டால் அவருடைய உழைப்பு போய்விடும். முதலில் சுட்டுப் பாருங்கள். குண்டு சரியாக விழுந்தால் கையை வைக்காதீர்கள்.

குழல் திரும்பியிருக்கும் இரண்டாவது வகையிலும் அவசரம் வேண்டாம். இரண்டு குறிகளும் அதே குழலில் இருப்பதால், குறிகளை நேராகப் பிடித்துச் சுடும்போது குண்டு ஒழுங்காகவே போகும்; ரிசீவர்தான் கையில் துளி சாய்ந்திருக்கும். ஆனால் ரிசீவரிலோ, கட்டைக்கு முன்னால் உள்ள வால் பகுதியிலோ துளைக்குறி (சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்குறி) பொருத்த நினைத்தால் கதை வேறு. அந்தத் துளைக்குறி ரிசீவரோடு நேராக நிற்கும், முன்குறி குழலோடு சாய்ந்து நிற்கும். 2 டிகிரி சாய்வே முன்குறியின் நுனியை அரை மில்லிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்த்திவிடும். அதை ஈடுகட்டத் துளைக்குறியை ஒரு பக்கமாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். இதைத் திருத்த, கட்டையைப் பிடித்துக்கொண்டு குழலை வைஸில் முறுக்குபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மேகசின் குழாயும் அதைப் பிடித்திருக்கும் பட்டைகளும் குழலோடு கோத்திருப்பவை. ரிசீவர் முறுக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. தோட்டாவின் அடிக்கும், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறினால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சரியான பிடிகருவிகளும் அளவுகோல்களும் வைத்திருக்கும் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை இது.

எந்தப் பக்கம், எவ்வளவு

உண்மையிலேயே நகர்த்த வேண்டியிருந்தால், பலரும் குழம்புவது திசையில். பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும். முன்குறியை அதற்கு எதிர்ப்பக்கம். உயரத்துக்கும் இதே கணக்குதான். குண்டு மேலே விழுகிறது, பின்குறியும் அதன் உயரத்தை மாற்றும் படிகளில் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டது என்றால் உயரமான முன்குறி வேண்டும். முன்குறியின் தலையை அரத்தால் தேய்த்தால் குண்டு இன்னும் மேலேதான் போகும். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது.

எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. குண்டு விலகிய தூரத்தை இரு குறிகளுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். குறிகளுக்கு இடையே 16 அங்குலம், 50 கஜத்தில் குண்டு 4 அங்குலம் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கஜம் என்பது 1,800 அங்குலம். 4-ஐ 16-ஆல் பெருக்கி 1,800-ஆல் வகுத்தால் 0.036 அங்குலம், அதாவது 0.9 மில்லிமீட்டர். ஏடிஎம் கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓங்கி அடித்தால் ஒரே அடியில் இதைத் தாண்டிவிடும் என்பது இப்போது புரியும். பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, வெர்னியர் வைத்து அளந்து, பித்தளைப் பஞ்ச் கொண்டு சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள்.

குறிகள் உட்கார்ந்திருப்பது டவ்டெயில் பள்ளத்தில். அடி அகன்று வாய் குறுகியது. கழற்றும்போது, சுடுபவரின் பக்கமிருந்து பார்த்து இடமிருந்து வலமாகத் தட்டிக் கழற்றி, வலமிருந்து இடமாகத் தட்டி ஏற்றுவது பழைய வழக்கம். புதிய குறி நுழையவில்லை என்றால் பள்ளத்தை அராவாதீர்கள். குறி சில டாலர்தான், குழல் அப்படியல்ல. குறியின் அடிப்பாகத்தை, ஒரு பக்கம் பல் இல்லாமல் வழவழப்பாக்கிய முக்கோண அரத்தால் துளித்துளியாகக் குறையுங்கள். அதிலும் 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த ஆண்டு உற்பத்தி முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தையவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். புதிய துளை போட்டாலே மதிப்பு விழுந்துவிடும்.

குறியின் மேல் போடப்படும் வீண்பழி

கோணலான குறி குண்டுகளை ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் தள்ளுமே தவிர, சிதறடிக்காது. மூன்று குண்டு மூன்று இடத்தில் விழுந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். 94 வகைத் துப்பாக்கியைப் பெரும்பாலும் குழலின் வாய்ப்பக்கமிருந்தே சுத்தம் செய்வார்கள். பல ஆண்டுகள் கம்பி உரசி உரசி அந்த வாயின் விளிம்பு தேய்ந்திருக்கும், குண்டு அங்கிருந்தே தடுமாறிக் கிளம்பும். மார்லின் 336-இல் லீவரின் திருகாணியைக் கழற்றினால் போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். அந்த வசதி இருந்தும் வாய்ப்பக்கமே கம்பி விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மணல் மூட்டையைக் குழலுக்கு அடியில் வைத்துச் சுடுவதும் கணக்கைக் கெடுக்கும். ரிசீவருக்குச் சற்று முன்னால், முன்கட்டைக்கு அடியில் வையுங்கள். மெல்லிய குழலும் அதை இறுக்கும் பட்டைகளும் சூடேறினால் குண்டு இடம் மாறும். மூன்று சுட்டு ஆறவிடுங்கள்.

வெயிலையும் மறக்கக் கூடாது. பித்தளை மணியின் மேல் வலமிருந்து வெயில் அடித்தால் அந்தப் பக்கம்தான் பளிச்சென்று தெரியும். கண் அந்தப் பளிச்சையே மணியின் நடு என்று எடுத்துக்கொண்டு பிளவின் மையத்தில் வைக்கும். குழல் இடப்பக்கம் திரும்பிவிடும், குண்டும் அப்படியே. காலையில் சரிசெய்த குறி மாலையில் விலகியதாகத் தோன்ற இதுவும் காரணமாகலாம். மேகமூட்டமான நாளில் சரிபார்ப்பது நல்லது.

தோட்டாவை மாற்றினாலும் இதேதான். .30-30-இல் 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்திலும், 170 கிரெய்ன் 2,200 அடி வேகத்திலும் கிளம்பும். இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்றைத் தேர்ந்து அதற்கே குறியை வையுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, பின்குறி எந்தப் படியில் நிற்கிறது, எந்தத் தோட்டா, எத்தனை கஜம் என்று ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பையில் போடுங்கள். குறியின் அடிப்பாகமும் குழலும் சேரும் இடத்தில் கூர்ப்பென்சிலால் ஒரு கோடு. அடுத்த நவம்பர் வேட்டைப் பருவத்தில் வெளியே எடுக்கும்போது அந்தக் கோடு உடைந்திருந்தால், கோடைகாலத்தில் எங்கோ இடித்திருக்கிறது என்று காட்டுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.