நீல் யங்கின் சரிவு எந்த ஆண்டில் தொடங்கியது? வாதாட உட்காரும் முன்

எனக்கும் என் அத்தானுக்கும் பல வருடங்களாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங் 1980உடன் முடிந்துபோனார் என்பது அத்தான் கட்சி. 1995 வரை அவருக்கு ஒரு குறையும் வரவில்லை என்பது என் கட்சி. டொராண்டோவின் ஸ்காபரோவில் அத்தான் வீட்டு நிலக்கீழ் அறையில் சனிக்கிழமை இரவுகளில் நடந்த இந்த வாதம் வெகுகாலம் வெறும் சத்தமாகவே இருந்தது. பிறகு ஒரு முறை பிடிபட்டது. ஓயாமல் பாடல்களை எழுதிக் குவித்த யாரைப் பற்றி வாதாடினாலும் இந்த முறை கைகொடுக்கும்.

எது சரிந்தது என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். விற்பனையா, குரலா, பாட்டா? விற்பனைதான் அளவுகோல் என்றால் வாதமே தேவையில்லை. 1972இல் 'ஹார்வெஸ்ட்' அமெரிக்காவில் எல்லா ஆல்பங்களையும் முந்தியது. அந்த உயரத்துக்கு அவர் திரும்பவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த 'ஆன் த பீச்', 'டுநைட்ஸ் த நைட்' இரண்டையும்தான் நாங்கள் இருவரும் உயிராக நினைக்கிறோம். ஆகவே விற்பனையைத் தள்ளிவைத்தோம். வயதானால் குரல் மாறத்தான் செய்யும், அதையும் விட்டோம். பாட்டு மட்டும் மிஞ்சியது.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. வெளியான வரிசையை நம்பாதீர்கள். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆல்பத்தின் பெயரையும் அதன் கீழே இரண்டு ஆண்டுகளையும் எழுதினேன். ஒலிப்பதிவான ஆண்டு சிவப்பில், வெளியான ஆண்டு நீலத்தில். பிறகு சிவப்பை மட்டும் பார்த்து மேசையில் அடுக்கினோம். 'டுநைட்ஸ் த நைட்' பெரும்பாலும் 1973இல் பதிவானது, வெளிவந்தது 1975இல். ஆகவே அது 'ஆன் த பீச்'சுக்கு மேலே ஏறியது. 2020இல் வெளியான 'ஹோம்குரோன்' 1974, 75 பக்கம் போய் உட்கார்ந்தது. 2017இல் வெளிவந்த 'ஹிட்ச்ஹைக்கர்' 1976 ஆகஸ்ட் 11 அன்று மலிபுவில் ஒரே இரவில் பதிவானது. 1979இல் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' வழியாக உலகம் கேட்ட 'பவுடர்ஃபிங்கர்' அந்த இரவிலேயே இருக்கிறது.

இந்த அடுக்கு அத்தானுக்குச் சாதகமாகவும் பேசியது, அதை மறைக்க மாட்டேன். 1980இல் வந்த 'ஹாக்ஸ் அண்ட் டவ்ஸ்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் எழுபதுகளில் பதிவாகிக் கிடந்த பாடல்கள். அதில் உள்ள 'கேப்டன் கென்னடி' அதே மலிபு இரவில் பதிவானதுதான். அந்தப் பாடல்களை எடுத்துவிட்டால் 1980இன் சொந்தச் சரக்கு பாதி ஆல்பம்தான். அத்தான் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த இடத்தில்தான் மூன்றாவது வேலை வருகிறது. பாட்டு மெலிந்த வருடத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1978இல் பிறந்த அவருடைய மகனுக்குப் பெருமூளை வாதம், பேச்சு வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய பகல் பொழுதெல்லாம் அந்தக் குழந்தையின் பயிற்சியிலேயே கழிந்தது. 1982இல் 'டிரான்ஸ்' வந்தபோது, குரலை இயந்திரக் குரலாக்கும் வோகோடர் வழியாக அவர் பாடியதைக் கேட்டுப் பலரும் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே, வழக்கமான அவருடைய இசை இது இல்லை என்று அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கெஃபன் முப்பத்து மூன்று லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பேச முடியாத பிள்ளையுடன் பேசத் தவிக்கும் தகப்பனின் குரல் அது என்று தெரிந்த பிறகு 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' பாடலைக் கேளுங்கள். வார்த்தை பாதி புரியாது. புரியாததுதான் அந்தப் பாட்டு. அன்று அது முடிந்தபோது அத்தான் தட்டை மாற்ற எழவில்லை.

எண்பதுகளைச் சரிவு என்று நான் ஒப்புக்கொள்ளாததற்கு இன்னொரு காரணம், 1989இல் 'ஃப்ரீடம்' வந்துவிட்டது. திரும்பி வந்தவரைச் சரிந்தவர் என்று சொல்லக்கூடாது. விழுந்தவர் எழாமல் போன இடத்தைத் தேடுங்கள்.

அதைத் தேட, ஒலிப்பதிவு அறையில் அவருடன் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். என் வழக்கின் உயிரே இதுதான். 1971 ஜனவரியில் நம் டொராண்டோ மாசி ஹாலில் நீல் யங் தனியாகப் பாடிய கச்சேரியைத்தான் அடுத்த ஆல்பமாக வெளியிட வேண்டும் என்று தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் அடம்பிடித்தார். நீல் யங் கேட்கவில்லை; 'ஹார்வெஸ்ட்' வந்தது. 2007இல் அந்தக் கச்சேரி வெளியானபோது, பிரிக்ஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது என்று நீல் யங்கே எழுதினார். சிறப்பாகச் செய், இல்லையென்றால் இடத்தைக் காலிசெய் என்பது பிரிக்ஸின் கொள்கை. 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்', 'ஜூமா', 'ராகெட் குளோரி' எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. 1994இல் வந்த 'ஸ்லீப்ஸ் வித் ஏஞ்சல்ஸ்' இருவரும் சேர்ந்த கடைசி ஆல்பம். 1995 நவம்பரில் பிரிக்ஸ் இறந்தார். 1996இல் கிரேஸி ஹார்ஸ் குழுவுடன் வந்த 'புரோக்கன் ஏரோ'வில், நிறுத்த ஆளில்லாமல் பாடல்கள் இழுத்துக்கொண்டு போவது என் காதுக்குக் கேட்கிறது. 2012இலும் இரண்டு ஆல்பம், 2014இலும் இரண்டு. "இது வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருந்திருந்தால் இரண்டில் ஒன்று நின்றிருக்கும்.

கடைசியாக, எதிர்க்கட்சிக்கு மூன்று பாடல் கொடுங்கள். நீங்கள் சொல்லும் ஆண்டுக்குப் பிறகு பதிவான மூன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும். முழுதாகக் கேளுங்கள், நடுவில் பேச்சு கூடாது, கைபேசி வேறு அறையில். இங்கேயும் சிவப்பு ஆண்டுதான் கணக்கு. 2007இல் வந்த 'ஆர்டினரி பீப்பிள்' பாடலை அத்தான் பெருமையுடன் எடுத்தார். அது 1988இல் பதிவானது, செல்லாது என்று திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அதற்குப் பதிலாக அவர் போட்டது 2012இன் 'ரமாடா இன்'. குடியால் தேயும் ஒரு வயதான தம்பதி, பதினாறு நிமிடங்களுக்கு மேல். அதில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அட்டையை இன்னும் எந்த வரிசையிலும் வைக்கவில்லை. மேசை ஓரத்தில் தனியாகக் கிடக்கிறது.