டர்போ கார் நெரிசலில் சூடேறுகிறதா? பெரிய ரேடியேட்டர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். எதிர்க்காற்று கிடையாது, ரேடியேட்டருக்கு ஃபேன் மட்டும்தான் துணை. பவர் கூட்டி டியூன் செய்த டர்போ வண்டி (புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி உள்ளது) திணறுவது இங்கேதான்.

முதலில் ரேடியேட்டர் மூடி. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. அடியில் உள்ள ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, விறைத்துப் போயிருந்தாலோ மாற்றுங்கள். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் பழைய மூடியைக் கையோடு கொண்டு போங்கள். மேலே பொறித்திருக்கும் அழுத்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது கூலண்ட். கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள், நிறத்தை நம்ப வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் போதும். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

இனி, கூலண்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும் காற்றை வெளியேற்றுவது. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கையேட்டில் தனி முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும் மேல் ஹோஸ் சுடும், குமிழிகள் வரும், கூலண்ட் மட்டம் இறங்கும். ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்ற பிறகு மூடுங்கள்.

சரி, எக்ஸாஸ்ட். டர்போ பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியைத் தொடக்கூடும். டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாயான டவுன்பைப்பில் துணி போலச் சுற்றும் ராப் சூட்டைத் தடுக்கும். ஆனால் மழை ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். தினம் ஓட்டும் வண்டிக்கு உலோகத் தடுப்புத் தகடுதான் என் தேர்வு. வயர்களும் பிரேக் குழாயும் அதை உரசக் கூடாது. விரட்டி ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள், டர்போவில் தங்கிய ஆயில் கருகாது.

அவ்வளவுக்குப் பிறகும் முள் சிவப்பை நோக்கி ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டு ஓரம் கட்டுங்கள். மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.