லாரி பேக்கர் சொல்லித்தந்த எலிப்பொறிச் சுவர்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். தொழுநோயாளிகளுக்கான கட்டடப் பணிக்காக 1945-இல் இந்தியா வந்தார். இமயமலையில் உள்ள பித்தோராகர் மலைக்காரர்களிடம் கல்லாலும் மண்ணாலும் கட்டக் கற்றுக்கொண்டார். அப்புறம் திருவனந்தபுரத்தில் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்தார். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் இங்கிலாந்தின் எலிப்பொறிக் கட்டு கேரளத்தில் பரவியது அவரால்தான். மார்த்தாண்டத்தில் நான் வீடு கட்டும்போதெல்லாம் அதைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

9 அங்குலச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துங்கள். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவில் 3 அங்குல வெற்றிடம். அடுத்த கல்லைக் குறுக்கே வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். மேல்வரியில் குறுக்குக்கல், கீழ்வரியின் நீளக்கல்லுக்கு நடுவில் உட்கார வேண்டும். இது பிசகினால் சுவருக்குப் பிடிப்பில்லை.

கலவை வெற்றிடத்தில் விழவே கூடாது. 3 அங்குலப் பலகையால் அதை மூடிக்கொண்டு கலவை போட்டுவிட்டு, பலகையை எடுத்துவிடுங்கள். என் முதல் வீட்டில் இதைக் கவனிக்காமல் ஒரு மூலையையே பிரித்துக் கட்டினோம், இன்றும் வருத்தம்தான். முதல் வரியும் கடைசி வரியும், ஜன்னலுக்கு அடியில் வரும் வரியும் வெற்றிடமில்லாமல் இருக்கட்டும்.

செங்கல் கால்வாசி மிச்சமாகும், உள்ளே வெயிலும் அவ்வளவாக ஏறாது. செங்கல் சீராக இருந்தால் பூச்சு வேண்டாம், அதன் அழகே போதும். கொத்தனார் அண்ணன் தயங்கினால் முதல் மூன்று வரி நீங்களே கல் எடுத்துக் கொடுத்து நில்லுங்கள், சரியாகிவிடும்.